பற்றற்ற வித்யாதானம்

திருவனந்தபுரத்திலிருந்து கேரள அரசின் மலையாளக் கலைக்களஞ்சியமாகிய சர்வவிஞ்ஞானகோசத்தின் முதல் தொகுதி 1972-இல் வெளிவந்தபோது, பண்டிதர் எழுத, பதிப்பாசிரியர் பரிசோதிப்பதே அறிவுத் தொகுப்பின் இலட்சணமாக இருந்தது. 2002 டிசம்பரில் தொடங்கிய மலையாள விக்கிப்பீடியாவோ, எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் தர்மத்தின் மீது நிற்பது. இங்கே ஒரு தத்துவ வினா எழுகிறது: எழுதியது தமதன்று என்று உணராத ஒருவரால் பிறர்க்கு ஞானதானம் செய்ய இயலுமா?

விக்கிப்பீடியாவுக்குப் புதிதாய் வந்தவர் ஆதாரமின்றி எழுதிய பத்தியைக் கணத்தில் நீக்கிவிடும் அனுபவசாலி, கட்டுரையைக் காத்தாராயினும், நாளை நூறு கட்டுரைகளைக் காக்கக்கூடிய ஒருவரை இழந்துவிடுகிறார். அவ்வாறன்றி, அப்புதியவரின் பேச்சுப் பக்கத்தில் குறையை அன்போடு விளக்கி, மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகச் செய்து, மேற்கோள் இடும் முறையைக் காட்டி, அவர் தேர்ச்சி பெற்றபின் தாம் விலகி நிற்பவரே, கீதை போதிக்கும் நிஷ்காம கர்மத்தை மெய்யாக அனுஷ்டிப்பவராவார். ஏனெனில் அவர் துறப்பது உழைப்பின் பலனை மட்டுமன்று, குருவென்னும் அபிமானத்தையும் ஆகும்.

தானங்களுள் வித்யாதானம் சிரேஷ்டமானது என்பர் பெரியோர்; அவ்வித்யாதானத்துள்ளும் சிரேஷ்டமானது, பெற்றவரையே கொடுப்பவராக்கும் தானம் என்பது என் திடமான நம்பிக்கை.