பசிக்கு ஏற்ற பால்

(மதுரையில் ஆவணி மாதத்தில் நிகழ்ந்த திருவிளையாடல் தொடர் சொற்பொழிவிலிருந்து ஒரு பகுதி)



சரணாகதியை விளக்க வந்த வைணவப் பெரியோர்கள் இரண்டு குட்டிகளைக் காட்டுவார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் கிளைக்குக் கிளை தாவும்போது பிடி நழுவாமல் பார்த்துக்கொள்வது குட்டியின் பொறுப்பு. பூனைக்குட்டி எதையும் பற்றாது. தாயே கழுத்தைக் கவ்வி எடுத்துக்கொண்டு போகும். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றுக்குப் பெயர். வடகலையார் முன்னதைச் சொல்வார்கள், தென்கலையார் பின்னதைச் சொல்வார்கள். நூற்றாண்டுகளாக நடக்கிற வாதம். அதைத் தீர்த்துவைக்க நான் வரவில்லை. (சிரிப்பு)

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்த உவமையைக் கேட்கிறவர்கள் எந்தக் கலையைச் சேர்ந்தவர்களானாலும் குட்டியின் இடத்தில்தான் போய் உட்காருகிறோம். பகவான் தூக்கட்டும், நாம் கிடப்போம் என்று. தாய்ப்பூனையின் இடத்தை யாரும் கேட்பதில்லை. இன்று கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பற்றிப் பேசலாம்.

நேற்றுக் கதை முடிந்ததும் ஒரு அம்மா வந்தார். அவருடைய மகள் பிராணிகள் காப்பகத்தில் ஒரு பூனையைப் பார்த்திருக்கிறாள். யாரோ குப்பைத்தொட்டி ஓரத்தில் விட்டுப்போன குட்டியாம். நடந்தால் தள்ளாடுகிறது. சோற்றுத் தட்டை நோக்கிக் குனிந்தால் தலை கிடுகிடுவென்று ஆடுகிறது. மகளுக்கு அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, அது போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ, அதோட கர்மாவை நாம எதுக்கு வீட்டுக்குள்ள இழுக்கணும்னு எங்க மாமியார் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. பூனைக்கு நம் ஊரில் பெயர் அப்படி. குறுக்கே போனால் சகுனத் தடை. கௌதமர் ஆசிரமத்திலிருந்து இந்திரன் நழுவி ஓடியது பூனை உருவத்தில். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், தவம் செய்கிற முனிவரைப் போலவே ஒரு பூனை முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும், சுற்றிலும் எலிகள். போலிச் சாமியாருக்கு இன்றுவரை அதுதான் சின்னம். ஆனால் ராமாயணம் பாட வந்த கம்பர் அவையடக்கத்தில் தம்மை எதற்கு ஒப்பிட்டார்? பாற்கடலை நக்கியே குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்கு. கவிச்சக்கரவர்த்திக்கே அந்த உருவம் இழுக்காகத் தோன்றவில்லை. நமக்கு என்ன வந்தது?

கர்மாவுக்கு வருகிறேன். அறுபத்துநான்கு திருவிளையாடல்களில் நாற்பத்தைந்தாவது, பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்தது. பிட்டுக்கு மண் சுமந்ததை ஊரே சொல்லும். இதைச் சொல்கிறவர்கள் குறைவு. பன்றி என்றதும் முகம் சுளிக்கிறோம் அல்லவா, அதனால். மதுரைப் புதுமண்டபத் தூண் ஒன்றில் இந்தச் சிற்பம் இருக்கிறது. முன்பு அங்கே கடைகள் இருந்தபோது வளையலும் பாத்திரமும் நினைத்துப் போனோம். அடுத்த முறை தூண்களைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

சுகலன் என்ற வேளாளருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பெற்றோர் போனபிறகு கேட்பாரில்லாமல் திரிந்தவர்கள், தவத்திலிருந்த வியாழ பகவான்மேல் மண்ணையும் கல்லையும் வாரி எறிந்தார்கள். "பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து தாய்தந்தையை இழந்து வருந்துங்கள்" என்று சாபம். அப்படியே பிறந்தார்கள். பாண்டியன் வேட்டைக்கு வந்தான். ஆண் பன்றி மாய்ந்தது, அதன் பின்னே பெண் பன்றியும் மாய்ந்தது. காட்டில் பன்னிரண்டு குட்டிகள் பாலுக்குக் கத்துகின்றன.

கர்மாக் கணக்கு யாருக்காவது தெரிந்திருக்குமானால் அது சோமசுந்தரப் பெருமானுக்குத்தான் தெரியும். சாபம் நியாயமானது. தவறு அவர்களுடையது. "அனுபவிக்கட்டும்" என்று அவர் இருந்திருந்தால் சட்டப்படி சரி. இருக்கவில்லை, வந்துவிட்டார். கணக்குத் தெரிந்தவரே கணக்கைப் புரட்டிப் பார்க்காதபோது, கணக்கே தெரியாத நாம் காப்பகத்து வாசலில் நின்றுகொண்டு ஒரு குட்டியின் முற்பிறவியை விசாரிக்கலாமா?

அந்தத் தள்ளாட்டத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் தாக்கினால், வயிற்றிலிருக்கும் குட்டியின் சிறுமூளை முழுதாக வளராமல் போகலாம். நடையையும் அசைவையும் ஒழுங்குபடுத்துவது அந்தப் பகுதி. அதனால்தான் தள்ளாட்டம், தலை நடுக்கம். தாய்க்குத் தடுப்பூசி போட ஆளில்லை, அவ்வளவுதான் பூர்வகதை. இந்தக் குறையால் குட்டிக்கு வலி கிடையாது. நாளாக நாளாக முற்றுவதும் கிடையாது. மற்றவர்களுக்கு ஒட்டவும் ஒட்டாது. மற்றப் பூனைகளைப் போலவே ஆயுள். வேண்டியதெல்லாம், வழுக்குகிற தரையில் ஒரு கோணிச்சாக்கோ ஜமுக்காளமோ, கவிழாத கனமான கிண்ணம், மலஜலம் கழிக்க விளிம்பு தாழ்ந்த மண் நிரப்பிய தட்டு. மொட்டை மாடிக் கதவையும் கிணற்றையும் மூடிவைக்க வேண்டும். குதிக்க ஆசை இருக்கும், கணிப்பு இருக்காது.

இனி, அந்தத் திருவிளையாடலில் நான் பெரிதாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். இறைவன் அந்தக் குட்டிகளுக்கு என்ன கொடுத்தார்? கயிலாயத்தில் இல்லாததா? அமுதம் கொடுத்திருக்கலாம். மீனாட்சியின் நைவேத்தியத்திலிருந்து பாற்சோறு அனுப்பியிருக்கலாம். தாமே தாய்ப்பன்றியாக வந்து மண்ணில் படுத்து முலை கொடுத்தார். பன்றிக்குட்டிக்கு வேண்டியது பன்றிப்பால். தமக்கு எது உயர்ந்தது என்று அவர் பார்க்கவில்லை. குட்டிக்கு எது ஏற்றது என்று பார்த்தார்.

நம்முடைய பக்தியில் இது குறைவு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பூனைக்குத் தினமும் தயிர்சாதம் வைப்பார். மாமிசம் படாத வீடு, பூனையும் சைவமாகிவிட்டது என்று பெருமை. பூனைக்குப் பசி, தின்றது. ஆனால் பூனையின் உடம்பால் டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மாமிசத்திலும் மீனிலும் இருக்கிற சத்து அது. அரிசி பருப்பில் கிடையாது. அது குறைந்தால் கண்பார்வை போகும், இதயத் தசை தளரும். 1987இல் கலிபோர்னியாவில் இருந்த கால்நடை மருத்துவர்கள், பூனைகளுக்கு வருகிற ஒருவகை இதயநோய்க்கு டாரின் குறைவுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கடையில் விற்கிற பூனை உணவில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

பாலும் அப்படித்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். கண் திறக்காத குட்டிக்கு இன்னும் ஆபத்து. அதற்கென்றே விற்கும் பால்பொடியைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மட்டும் போதாது. பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நாக்கால் நக்கி நக்கிக் கழிக்கவைக்கும். தாய் இல்லையென்றால் நீங்கள் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு வேளையும் துடைத்துவிட வேண்டும். பரமன் பன்றியானார் என்று படிக்கும்போது கண்ணீர் வருகிறது. நடு இரவில் பஞ்சோடு உட்காரும்போது தூக்கம்தான் வரும். தாய்ப்பூனையின் இடம் என்று நான் சொன்னது அதைத்தான்.

"எங்கள் வீட்டில் மீன் வாசமே ஆகாது, என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். உங்கள் விரதம் உங்களுடையது, அதை விடச் சொல்லவில்லை. பூனை விரதம் எடுக்கவில்லையே! பூனைக்கென்று கடையில் விற்கும் உணவை வாங்கிப் பின்கட்டில் தனித்தட்டில் வையுங்கள். அதுவும் மனம் ஒப்பவில்லையென்றால், வெட்கப்பட ஒன்றுமில்லை, முயலோ கிளியோ இருக்கிறதா என்று காப்பகத்தில் கேளுங்கள். உங்கள் புண்ணியத்துக்காக ஒரு பூனை குருடாக வேண்டாம்.

வேறு நோய்களும் உண்டு. சர்க்கரை நோய் வந்த பூனைக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை இன்சுலின் ஊசி. பலருக்கு இதைக் கேட்டாலே கை நடுங்கும். ஆறுகாலப் பூஜை நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இரண்டு காலத்துக்குப் பயப்படலாமா? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பூஜையை இரண்டு பேர் இரண்டு முறை செய்தால் சாமிக்கு ஒன்றும் ஆகாது. ஊசியை அப்பா ஒருமுறை, பிள்ளை ஒருமுறை போட்டுவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. போட்டவுடன் காலண்டரில் கோடு போடுங்கள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள், மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பூனை சாப்பிடாத நாளிலும் முதலில் அவரைக் கேளுங்கள்.

எஃப்.ஐ.வி. என்று எழுதிய அட்டை தொங்கும் கூண்டை விட்டு எல்லோரும் விலகிப்போவார்கள். பூனை எய்ட்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெயரே பாதி நோய். 1986இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. பூனைக்குப் பூனை பரவுவதும் பெரும்பாலும் சண்டையில் ஆழமாகக் கடிபடுவதால்தான். கருத்தடை செய்து வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் பல ஆண்டுகள் நன்றாகவே வாழும்.

பூஜை அறை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கற்பூரம் பூனைக்கு விஷம், எட்டாமல் வையுங்கள். மூச்சிரைப்பு உள்ள பூனையை சாம்பிராணிப் புகையில் விடாதீர்கள். திருநீறு பூசுங்கள், நெற்றியில். புண்ணில் பூச வேண்டாம், புண்ணுக்கு டாக்டர் இருக்கிறார். (சிரிப்பு) காய்ச்சல் என்று நமக்கு வைத்திருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரையில் பூனை இறந்துபோகும்.

கொஞ்சம் கடுமையாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. சனிப்பெயர்ச்சிப் பரிகாரம் என்று யாரோ சொன்னதற்காக ஊனமான பிராணியைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்ச்சி முடிந்ததும் அது எங்கே போகும்? மருந்துச் செலவுக்கு வழியில்லாதவர்கள், வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் கொண்டுவராமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். காப்பகத்தில் அதன் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். மாதம் எவ்வளவு ஆகும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கருணைக்குக் கணக்குப் பார்ப்பதா என்று நினைக்காதீர்கள். கணக்குப் பார்க்காமல் கூட்டிவந்துதான் மறுபடி தெருவில் விடுகிறார்கள்.

நோயுள்ள பூனையை எடுப்பவருக்குக் கடைசியாக ஒரு கேள்வி காத்திருக்கும். இனிப் பயனில்லை, ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம் என்று மருத்துவர் சொன்னால்? திருவண்ணாமலையில் லக்ஷ்மி என்ற பசுவுக்கு 1948இல் முடிவு வந்தபோது ரமண மகரிஷி பக்கத்தில் அமர்ந்து அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தார். அதன் சமாதியை ஆசிரமத்தில் இன்றும் பார்க்கலாம். சபர்மதி ஆசிரமத்தில் 1928இல் ஒரு கன்று தீராத வேதனையில் துடித்தபோது காந்தி ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சம்மதித்தார். அகிம்சையின்படியே செய்தேன் என்றும் எழுதினார். நாடெங்குமிருந்து அவருக்குக் கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. இரண்டு மகான்கள், இரண்டு வழி. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தாழ்த்த எனக்குத் தகுதியில்லை. என் மனம் காந்தியின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, ஏனென்றால் அவர் தம் மனவருத்தத்தைப் பார்க்காமல் கன்றின் வலியைப் பார்த்தார். ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கே இருப்பார்கள், இருக்கலாம்.

அந்த அம்மா இன்று மகளையும் அழைத்து வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் பார்க்கிறேன். மாமியாரும் வந்திருந்தால் நல்லது. வீட்டில் மூன்று பேருக்கும் சம்மதம் இருந்தால்தான் பூனைக்கு இடம் நிலைக்கும். நாளைக்குக் கதையில் அந்தப் பன்னிரண்டு குட்டிகளும் பாண்டியனின் அவைக்கு மந்திரிகளாகப் போகிறார்கள். ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவோம்.