ஊசிமுனை இடம்



ஊசிமுனை அளவு நிலம்கூடத் தர மாட்டேன் என்று துரியோதனன் மறுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதையைக் கேட்கும்போது நம்மைப் பாண்டவர் பக்கத்தில்தான் வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் இருந்தேன், போன செமஸ்டர் லீவு வரைக்கும்.

தஞ்சோங் மாலிம்ல எங்க வீடு இருக்கும் நிலம், தோட்ட வேலையை விட்டு வந்த தாத்தா வாங்கியது. எங்களுக்குப் பின் லாட்டில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி 30 வருஷத்துக்கு மேலாக எங்க வாசல் ஓரமாகத்தான் ரோட்டுக்கும் கோயிலுக்கும் நடந்து போவார். ரம்புத்தான் கிளை அவர்கள் கூரை மேல் விழுந்ததில் வாக்குவாதம் வந்தது. அப்பா கேட்டைப் பூட்டிவிட்டார். பாட்டி சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தார். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்க வீட்டுக்கு வரவில்லை.

"நீ என்ஜினியரிங்தானே படிக்கிறே, சட்டம் என்ன சொல்லுதுன்னு பாரு" என்றார் அப்பா. பார்த்தேன். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை வருஷம் நடந்தாலும் வெறும் பழக்கத்தால் அடுத்தவர் நிலத்தில் பாதை உரிமை வந்துவிடாது. அப்பாவுக்குச் சந்தோஷம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அடுத்தவர் பெயரில் பதிவான நிலத்தை எத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்தாலும், அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை சொந்தக்காரருக்குப் போகாது.

சர்வே பாடம் படித்த ஆர்வத்தில் டேப்பை எடுத்து எல்லைக்கல்லிலிருந்து அளந்து பார்த்தேன். எங்க பின்வேலி, பாட்டி வீட்டு நிலத்துக்குள் சுமார் 2 அடி போயிருந்தது. மூன்று முறை அளந்தேன். மாறவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது, தாத்தா போட்ட வேலி, நமக்கு எதுக்கு என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் சமய வகுப்பில் கிருஷ்ணர் தூது போன கதையைச் சொல்ல வேண்டிய முறை எனக்கு வந்தது. பாதியில் ஒரு சின்னப் பையன் கையைத் தூக்கினான். "அண்ணே, அது பாண்டவங்க இடம்னு துரியோதனனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அந்தத் தூதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாண்டவர்க்கு உரிமை இருந்தது பாதி ராஜ்யத்தில். சண்டை வேண்டாம் என்பதற்காக ஐந்து கிராமம் போதும் என்று இறங்கி வந்தார்கள். அதைக் கேட்க யார் போனார்? பகவானே போனார். காஞ்சிபுரத்தில் திருப்பாடகம் என்ற திவ்யதேசத்தில் பெருமாள் பாண்டவ தூதராகவே அமர்ந்திருக்கிறார். பகவானே ஒரு நிலத் தகராறுக்காகத் தூது நடந்தார் என்றால், பக்கத்து வீட்டுப் படியேற நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

உரிமையை விட்டுக்கொடுத்து ஓடிப்போ என்று கிருஷ்ணர் சொல்லவில்லை. நம் இடத்தை ஒருவர் பிடித்திருந்தால் கேட்கத்தான் வேண்டும். எல்லையும் வேண்டும். நம்ம ஊர் ஓரம் ஓடும் பெர்னாம் ஆறு பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கிறது. ஆற்றின் மேல் பாலமும் இருக்கிறது. சட்டம் நமக்குச் சாதகம் என்பதாலேயே பூட்டுவது தர்மமாகிவிடாது. ஆள் பார்க்கவில்லை என்பதாலேயே 2 அடி நம்முடையதும் ஆகிவிடாது.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். "யாருக்கு வக்காலத்து வாங்குறே?" என்று சத்தம் போட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் அவராகவே, "சர்வேயரைக் கூப்பிடு, உன் டேப் செல்லாது" என்றார். அது சரிதான். எல்லையை முறையாகக் காட்ட உரிமம் உள்ள நில அளவையாளர்தான் வர வேண்டும். வந்தார், அளந்தார், மண்ணுக்குள் புதைந்திருந்த மற்றொரு கல்லையும் காட்டினார். வேலியைத் தள்ளிப் போட்டோம். கேட் பூட்டையும் அப்பா எடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அப்பாவும் அந்த வீட்டு மாமாவும் இன்னும் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டி காலையில் எங்க வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு இருக்கலாம். சண்டைக்கு முன்னால் கிராண்டை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கல்லைப் பிடுங்காதீர்கள், நகர்த்தாதீர்கள், அது குற்றம். வழி விடுவதாக இருந்தால் வாய்வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். லேண்ட் ஆபிஸில் 17ஏ பாரத்தில் பாதை உரிமையைப் பதிவு செய்யலாம். பதிவாகிவிட்டால் நாளைக்கு வீடு கைமாறினாலும் பேரப்பிள்ளைகள் சண்டை போட வேண்டியதில்லை. எங்க வீட்டில் அந்தப் பேச்சு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்தவர் வேலியை அளக்கும் டேப்பால் உங்கள் வேலியை முதலில் அளந்து பாருங்கள்.

ஹரி ஓம்.