காவலுக்குப் போகும் மகள்

கர்நாடகத்தின் குண்டலுபேட்டையிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில் மேலுகாமனஹள்ளி சோதனைச் சாவடி. வயநாட்டுச் சாலையில் மத்தூர் சாவடி. 2009-ஆம் ஆண்டிலிருந்து இரவு 9 மணிக்கு இரண்டிலும் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். காலை 6 மணி வரை, ஆம்புலன்சும் அனுமதி பெற்ற சில பேருந்துகளும் தவிர, வேறு வண்டி எதுவும் பந்திப்பூர்க் காட்டுக்குள் போகக்கூடாது. இரவில் யானையும் மானும் லாரியில் அடிபட்டுச் சாகாமலிருக்க வந்த ஏற்பாடு. தக்காளி அழுகிவிடும் என்று கெஞ்சுகிற ஓட்டுநர் உண்டு, குரலை உயர்த்துகிறவர் உண்டு, பெரிய மனிதர் பெயரைச் சொல்லி மிரட்டுகிறவர் உண்டு. சாவடியில் நிற்பவருக்கு இரவில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தூங்காமல் இருக்க வேண்டும். திறக்கக்கூடாத நேரத்தில் திறக்காமல் இருக்க வேண்டும்.

படைக்குப் போகிறேன் என்று ஒரு மகள் சொன்னால், முதலில் அவளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குடியரசு தின அணிவகுப்பையும் சினிமாவையும் பார்த்துத்தான் நம் வீடுகளில் படையைப் பற்றிப் பேசுகிறோம். விமான தளத்தையோ பாலத்தையோ ஆயுதக் கிடங்கையோ காக்கும் பிரிவில் சேர்கிறவளுக்கு வாழ்நாள் பணியின் பெரும்பகுதி காவல் நிற்பதிலேயே கழியும். ஒன்றும் நடக்காத ஆயிரம் இரவுகள் போய், என்றோ ஓர் இரவில் நாலைந்து நொடிக்குள் முடிவெடுக்க வேண்டி வரும். அந்த நொடிகளுக்கு ஒரு மனதைத் தயார் செய்வதுதான் இங்கே நான் பேச விரும்பும் விஷயம்.

நம் பெண்களுக்கு இந்தக் கதவு திறந்தது அண்மையில்தான். மருத்துவப் பிரிவுக்கு வெளியே அதிகாரிகளாக 1992 முதல் சேர்ந்து வருகிறார்கள். சென்னை பரங்கிமலையில் அவர்களில் பெரும்பாலோருக்குப் பயிற்சி. ஆனால் தரைப்படையில் சிப்பாய் நிலையில் பெண்ணுக்கு இடமில்லாமலே இருந்தது. 2019 ஜனவரியில், அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன், ராணுவ போலீஸ் பிரிவில் பெண்களைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார். முதல் அணியில் 83 பேர். 61 வாரப் பயிற்சியை முடித்து 2021 மே 8-ஆம் தேதி பெங்களூருவில் உறுதிமொழி எடுத்தார்கள். இப்போது நான்காண்டுப் பணிக்கான அக்னிபத் திட்டத்தின் வழியே அதே பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் தரம். பத்தடி நீளம் தாண்ட வேண்டும், மூன்றடி உயரம் தாண்ட வேண்டும்.

துணைப்படைக்கும் ஒரு வரலாறு உண்டு. வேலையில் இருந்துகொண்டே ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணியும் பிராந்திய ராணுவத்தை 1949 அக்டோபர் 9-ஆம் தேதி தொடங்கிவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதன் முதல் பெண் அதிகாரியாக ஷில்பி கர்க்முக் 2016-ல் வந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் அவர். ஆனாலும் அந்தப் படையில் சேரப் பெண்களும் தகுதியுள்ளவர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2018 ஜனவரியில்தான். விமான தளங்களைத் தரையில் காக்கும் பிரிட்டனின் ஆர்.ஏ.எஃப். ரெஜிமென்ட் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 2017 வரை காத்திருந்தது. ஆகவே நாம் மட்டும் பிந்திவிட்டோம் என்று குறைப்பட வேண்டியதில்லை.

சட்டம் திறந்த கதவை வீடு திறப்பது வேறு விஷயம். குண்டலுபேட்டைப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் செண்டுமல்லி பறிக்கக் கூலிக்குப் போகிறவள். மகள் அண்ணனுடைய பழைய ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். "கல்யாணம் பண்ணிக் குடுக்கிற வயசுல துப்பாக்கியாடி?" என்கிறாள் தாய். பாட்டி கேட்பது அதைவிடக் கூர்மையானது: "ராத்திரி காவல்னு சொல்றியே, உனக்கு யாருடி துணை?"

பாட்டியின் கேள்வியைப் பழமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வேற்று ஊரில், ஆண்கள் நிறைந்த இடத்தில், இரவில் நிற்கப்போகிற பெண்ணுக்கு ஆபத்து எதிரியிடமிருந்து மட்டும்தான் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. புகார் சொன்னால் கேட்கிற அதிகாரி வேண்டும். சொன்னதற்காக அவளைத் தண்டிக்காத அமைப்பு வேண்டும். அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் காலங்காலமாகச் சொல்லி வந்த ஒரே பதில், பெண்ணை வீட்டுக்குள் வைப்பது. காக்கப்பட வேண்டியவள் என்று சொல்லிச் சொல்லியே, பிறரைக் காக்கும் கடமையில் அவளுக்குரிய பங்கைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம். கடமையில் பங்கு இல்லாதவருக்கு முடிவெடுப்பதிலும் பங்கு கிடைப்பதில்லை.

2020-ல் உச்ச நீதிமன்றத்தில் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி குறித்த வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பு ஒரு வாதத்தை வைத்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வருகிறவர்கள், பெண்ணின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பக்குவப்படவில்லை என்பது அந்த வாதம். பிப்ரவரி 17-ஆம் தேதித் தீர்ப்பில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. கிராமத்தானின் பெயரைச் சொல்லி அரசுத் தரப்பு தன் தயக்கத்தை மூடிக்கொண்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. கர்நாடகத்தில் 1987-லேயே உள்ளாட்சியில் கால்பங்கு இடம் பெண்களுக்கு வந்தது, இன்று பாதி. குண்டலுபேட்டைத் தாலுகாவின் பல கிராமங்களில் பெண் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் பஞ்சாயத்தில் காரியம் நடக்கும். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள், பிறகு தண்ணீர்க் குழாய்க்காக அவர் வாசலிலேயே போய் நின்றார்கள். கிராமத்து மனம் அப்படித்தான் பழகுகிறது.

தமிழ்ப் பெண்கள் சீருடை அணிந்தது இதுதான் முதல்முறை என்றும் இல்லை. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணி படை என்ற பெண்கள் படையை அறிவித்தபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் வளர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பெண்கள்; இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் பலர். கோலாலம்பூரில் போஸின் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் என்ற பதினெட்டு வயதுப் பெண், காதில் இருந்த நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். படையில் சேரத் தந்தையின் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தார், லட்சுமி வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் ஒப்பினார். அந்தப் பேச்சை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. வீட்டை எதிர்த்து ஓடிவந்துவிடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாமல், தந்தையின் முன்னால் வந்து அவருடைய அச்சத்துக்குப் பதில் சொன்னார் தளபதி. இன்று ஆள் எடுக்கும் அலுவலகங்கள் ஓட்டத்தையும் உயரத்தையும் அளக்கின்றன; வீட்டோடு பேசுவதற்கு யாரும் வருவதில்லை.

நகையைக் கொடுக்கும் உணர்ச்சியோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. துப்பாக்கி என்பது ஓர் உயிரை எடுக்கச் செய்யப்பட்ட பொருள். அதைக் கையில் வாங்குகிறவள் ஒருநாள் இன்னொரு தாயின் பிள்ளையைச் சுட நேரலாம். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சம்பளம், சீருடை, ஊரில் கிடைக்கும் மரியாதை என்று எல்லாம் பேசுவோம். இதை மட்டும் தாண்டிப் போய்விடுவோம். அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும்.

ராணுவ போலீஸின் வேலையையே பாருங்கள். சொந்தப் படையினர் வரம்பு மீறாமல் பார்ப்பது, போர்க்காலத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, எல்லைக் கிராமங்களைக் காலி செய்யும்போது மக்களுக்குத் துணை நிற்பது, சரணடைந்த எதிரியைக் காவலில் வைப்பது. கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினம். ஒரு மணி நேரத்துக்கு முன் காவல் நிற்பவளின் தோழியைக் கொன்ற பிரிவைச் சேர்ந்தவன் கைகட்டப்பட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் கேட்கிறான். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை அவனை அடிக்கக்கூடாது, அவமதிக்கக்கூடாது, பசியோடு விடக்கூடாது என்கிறது. சுற்றிலும் கொதித்துக்கொண்டிருக்கும் தன் தோழர்களிடமிருந்தே அவனை அவள் காக்க வேண்டும். குறி பார்ப்பதைப் பயிற்சி மையம் கற்றுக்கொடுக்கும். அந்தத் தண்ணீரைக் கொடுக்கிற மனம் பத்தொன்பது வயதுக்கு முன்பே வீட்டில் அமைந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு மேலதிகாரியின் கட்டளையை மீறுவதைக் கடுங்குற்றம் என்கிறது. ஆனால் அது சொல்வது சட்டபூர்வமான கட்டளையைப் பற்றி மட்டும்தான். நிராயுதபாணியைச் சுடு என்று ஒருவன் சொன்னால், மறுப்பது அவள் கடமை. 'பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே' என்ற ஒரே பாடத்தில் நம் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்பா சொன்னதற்கும் அண்ணன் சொன்னதற்கும் பிறகு கணவன் சொன்னதற்கும் தலையாட்டியே வளர்ந்தவளுக்கு, ஒரு கர்னலின் முன்னால் நின்று "முடியாது சார்" என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? மகளைப் படைக்கு அனுப்ப விரும்பும் தந்தை, காலையில் அவளை ஓடவிடுவதோடு, மாலையில் தன்னையே அவள் கேள்வி கேட்கவும் இடம் கொடுக்க வேண்டும். கேட்டபோது கோபப்படாமல் காரணம் சொல்ல வேண்டும். தன் பக்கம் தவறிருந்தால் மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

கோபத்தைப் பற்றியும் இதே அக்கறை தேவை. அவமானத்துக்குப் பழிவாங்குவதற்காக, யாரையோ அடக்கிக் காட்டுவதற்காகச் சீருடையைத் தேடுகிற பிள்ளைகள் உண்டு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆறுதலும் நியாயமும். ஆயுதம் அதற்கு மருந்தாகாது.

போனவள் திரும்பி வருவதைப் பற்றி ஊர் யோசிப்பதே இல்லை. அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் கால்பங்குப் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் இருப்பார்கள். மற்றவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையோடு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் குண்டலுபேட்டை பஸ் நிலையத்தில் வந்து இறங்குவார்கள். பிராந்திய ராணுவத்தில் இருப்பவரோ ஆண்டுதோறும் போய்த் திரும்புவார். மகள் கொண்டுவந்த பணத்தைச் சீர்வரிசைக் கணக்கில் சேர்க்கிற வீடு, அவள் படித்த பாடம் அத்தனையையும் வீணாக்கிவிடும்.

ஜான்சி ராணி படையின் லட்சுமி ஆயுதத்தை வைத்துவிட்டு மருத்துவத்துக்கே திரும்பினார். கான்பூரில் ஏழைகளுக்கு, பெரும்பாலும் பிரசவத்துக்கு வரும் பெண்களுக்கு, தொண்ணூறு வயதைத் தாண்டியும் வைத்தியம் பார்த்தார். 1971-ல் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்த அகதிகளிடையே வேலை செய்தார். 1984-ல் விஷவாயு கசிந்த போபாலுக்கு மருத்துவக் குழுவோடு போனார். ஜானகி 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, தோட்ட மக்களிடையே உழைத்தார். படையில் இருந்தது அவர்கள் வாழ்வில் சில ஆண்டுகள்தான்.

இந்தத் தாலுகாவிலும் அப்படிப்பட்டவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் காடு எரிந்தது. கோபாலசாமி மலைச் சரிவுகள் கருகிப்போயின. வனத்துறையினரோடு தன்னார்வலர்களும் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்துத் தீயை அணைக்கப் போராடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் இறைத்தன. எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது, யாரை முதலில் வெளியேற்றுவது என்று பழகிய சிலர் காட்டோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடித்து வருகிற பெண்ணைக் கிராம சபைக்கு அழைத்து, இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாயா அம்மா என்று பஞ்சாயத்து கேட்கட்டும். கல்யாணப் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.