நாளைக்கென்று எடுத்து வைத்த பலகை

ஒரு பங்குத்தந்தையிடம் என்னென்ன உண்டு என்பதை, இடமாற்றக் கடிதம் கைக்கு வந்த மறுநாள்தான் அவரே அறிகிறார். அதுவரை அறைக்குள் கண்ணில் படாமல் இருந்தவையெல்லாம் அன்று கூடத்துக்கு வந்து வரிசையாக நிற்கும். சென்ற முறை நமக்கு மாற்றம் வந்தபோது உடைகள் ஒரு பெட்டியில் அடங்கின. நூல்கள் ஒன்பது பெட்டிகளில் அடங்கின. வண்டியில் இடம் போதாமற்போனதற்குக் காரணம் வேறு. கப்பல், வானூர்தி, இரயில் எந்திரம் முதலியவற்றின் சிற்றுருக்களைச் செய்வதற்கென்று 30 ஆண்டுகளாக நாம் சேர்த்துவைத்த பொருள்களே அவை. அக்காலத்தில் நாம் செய்து முடித்தவை 11. பிரிக்காமலே கிடந்த பெட்டிகள் 43. மூட்டை கட்ட வந்த கோவில்பிள்ளை அவற்றை ஒருமுறை எண்ணிவிட்டு, "இதையெல்லாம் எப்பச் செய்யப் போறீங்க, சாமி?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. நாமோ மனத்துக்குள் கணக்குப் போட்டோம். இதுவரை நடந்த வேகத்தில் போனால் இன்னும் 117 ஆண்டுகள் வேண்டும்.

இது நம் ஒருவருடைய நோய் அன்று. 1939இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலின் பிளாஸ்டிக் பாகங்களை ஒரு சிறு பையிலிட்டு, வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. சிறுவன்கூட வாங்கக்கூடிய விலை. அன்று முதல், ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றை வாங்கும் பழக்கம் இக்கலையோடு ஒட்டிப் பிறந்த குணமாயிற்று. வாங்கியவரிடம் காரணமும் ஆயத்தமாக இருக்கும்: இன்று விட்டால் நாளை கிடைக்காது என்பார். அது பொய்யன்று. 2006இல் ஏர்ஃபிக்ஸை நடத்திவந்த ஹம்ப்ரால் நிறுவனமே நொடித்துப்போய், அவ்வாண்டின் இறுதியில் ஹார்ன்பி நிறுவனத்தின் கைக்கு மாறியது. இடைப்பட்ட மாதங்களில் உலகெங்கும் எத்தனை பேர் கடைகளுக்கு ஓடியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எனவே சேர்ப்பதைக் குற்றமென்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. சேர்த்ததை ஒழுங்குபடுத்தி வைப்பதோ, செய்து பார்த்தவர்க்குத் தெரியும், ஒரு தனி இன்பம். நம் மேசையில் அஞ்சறைப்பெட்டி ஒன்று உண்டு. தாயார் காலமான பின் அடுக்களையிலிருந்து நாம் கேட்டு வாங்கிவந்த ஒரே பொருள் அது. கடுகும் சீரகமும் இருந்த கிண்ணங்களில் இப்போது கப்பிகளும், நங்கூரங்களும், கொண்டை ஊசி முனையளவே உள்ள பித்தளை ஆணிகளும் இருக்கின்றன. விளக்கு அணைந்த இரவுகளிலும் தாயாரின் கை சீரகத்தை நோக்கிப் போகுமேயன்றி வெந்தயத்தை நோக்கிப் போனதில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்ற நினைவைக் கைக்கே கற்றுக்கொடுத்துவிடுவதுதான் ஒழுங்கு போலும். புனித தோமா அக்குவினாஸ் விவேகத்தின் உறுப்புகளை எட்டாகப் பகுத்தபோது, நினைவாற்றலை முதலில் வைத்தார்; வரவிருப்பதை முன்னோக்கும் ஆற்றலையும் அவ்வரிசையில் சேர்த்தார். அஞ்சறைப்பெட்டியில் இவ்விரண்டும் இருக்கின்றன.

ஆனால் கடற்கரையோரப் பங்கில் வாழ்பவன் ஒழுங்கை நம்பி உறங்கிவிட முடியாது. ஃபெவிக்விக் போன்ற பசைகள் காற்றிலுள்ள ஈரத்தாலேயே இறுகுபவை. திறந்த குழாயைத் தகர டப்பாவுக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு அடைத்து வைக்காவிட்டால் மறுமுறை கையில் கல்தான் கிடைக்கும். எனாமல் வண்ணம் உள்ள சிறு டின்களின் விளிம்பைத் துடைக்காமல் மூடினால், மூடி சரியாகப் பொருந்தாது. உள்ளே தோல் படரும். நீரில் நனைத்து ஒட்டும் சின்னத்தாள்கள் ஈரத்திலும் வயதிலும் மஞ்சளிக்கும். பால்சாப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் அது வளைந்துகொள்ளும். சனிக்கிழமைப் பிற்பகல்களில் மறையுரையை ஆயத்தம் செய்தபின் மீதமிருந்த நேரமெல்லாம் நமக்கு இப்பராமரிப்பிலேயே கழிந்தது. துடைத்தோம், அடுக்கினோம், சீட்டு எழுதி ஒட்டினோம், எழுதிய சீட்டு அழகாக இல்லையென்று கிழித்து மீண்டும் எழுதினோம். அந்த ஆண்டுகளில் ஒரு கப்பலும் உருவாகவில்லை. உழைத்ததைப் போன்ற களைப்பு மட்டும் உண்டாயிற்று. (மறையுரைக் குறிப்புகளுக்கும் நம்மிடம் இதே போன்ற அட்டைப்பெட்டிகள் உண்டு. அதைப் பற்றிப் பங்கு மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.)

இனி, சொல்லத் தயங்கும் செய்திக்கு வருவோம்.

சென்னைக்குச் சென்ற ஒருமுறை, 3 மில்லிமீட்டர் கனமுள்ள பால்சாப் பலகைகள் எட்டை வாங்கி வந்தோம். தென் அமெரிக்காவில் வளரும், எடையே இல்லாதது போன்ற மரம் அது. எக்குவதோரிலிருந்து பெருமளவு ஏற்றுமதியாவது. எட்டையும் அடுக்கி ஒட்டிச் செதுக்கி, தூத்துக்குடித் தோணியொன்றின் உடலை உருவாக்குவது நம் எண்ணம். மார்சேய் நகரில் கடலைப் பார்த்து நிற்கும் காவல் அன்னை பேராலயத்தின் கூரையிலிருந்து, மாலுமிகளின் நேர்ச்சையாகச் சிறு கப்பல்கள் தொங்குகின்றன. அதுபோல நம் பங்கின் சிற்றாலயத்திலும் ஒரு தோணி தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். பலகைகளைத் தாளில் சுற்றி, மேலே 'தோணி - ஆலயத்துக்கு' என்று எழுதி, மரப்பீரோவின் மேல்தட்டில் வைத்தோம்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு மாலை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் வந்தான். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குக் காற்றாலை செய்கிறானாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் பார்த்த பெரிய காற்றாலைகளின் இறகுக்குள் பால்சா மரம் வைக்கப்படுவதுண்டு என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "ஒரு பலகையில பாதி போதும், சாமி" என்றான். "அது கோவிலுக்கு வச்சிருக்கு, தம்பி" என்றோம். அவன் மறுபேச்சு பேசவில்லை. கோவிலுக்கு என்றபின் பேச என்ன இருக்கிறது? அட்டையில் இறகு செய்தானென்றும், அது நனைந்த ஓலைபோல் தொங்கிற்றென்றும், காற்றாலை சுழலவில்லையென்றும் அவன் தாய் வேறு ஏதோ பேச்சினிடையே சொன்னார்.

இடமாற்றக் கடிதம் வந்த மறுநாள் மேல்தட்டைத் திறந்தோம். பலகைகள் எட்டும் கறையானின் மண்பாதைகளாக இருந்தன. பக்கத்தில் இருந்த தொகுப்புப் பெட்டிகளுக்குள் பிளாஸ்டிக் பாகங்கள் பழுதின்றிப் பளபளத்தன. எந்தப் பாகத்தை எதனோடு பொருத்துவது என்று காட்டும் தாள்களைக் கறையான் தின்றிருந்தது.

குருமடத்தில் உடைமை பற்றிய பாடம் நடந்த நாள் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொருளை ஈட்டவும் நிருவகிக்கவும் மனிதனுக்குத் தனியுரிமை உண்டு. அதன் பயன்பாட்டில் மட்டும் அதைப் பொதுவானதாகக் கருதி, தேவைப்படுவோர்க்கு எளிதில் பகிர வேண்டும் என்பது அக்குவினாஸின் நிலைப்பாடு. தேர்வில் இக்கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுள் நாமும் ஒருவர். ஆனால் அப்போது நம் மனத்தில் இருந்தவை நிலங்களும் ஆலைகளும் பெருஞ்செல்வரின் களஞ்சியங்களும்தாம். அரைப் பலகை அக்கேள்விக்குள் வருமென்று எண்ணவில்லை.

வருமா என்று இப்போதும் ஒருவர் கேட்கலாம். இருப்பு இல்லாமல் எந்தத் தச்சனும் தொழில் செய்ய இயலாது. வெட்டி மிஞ்சிய துண்டைக்கூடக் காத்துவைக்கும் கைவினைஞன் கஞ்சன் அல்லன். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் விண்கலங்கள், பீரங்கி வண்டி முதலியவற்றின் கடைச் சிற்றுருத் தொகுப்புகளிலிருந்து பெயர்த்த துணுக்குகளை ஒட்டியே உருவாயின. யாரோ அவற்றை 'இருக்கட்டும்' என்று எடுத்துவைத்ததால் அல்லவா அது கைகூடிற்று? ஆகவே, குறிப்பிட்ட ஒரு வேலைக்கென வைப்பது விவேகம், நோக்கமின்றிக் குவிப்பது பேராசை என்று கோடு கிழித்துவிட்டு எழுந்திருக்கலாம் என நினைத்தோம். அக்கோடு நிற்கவில்லை. நம் பலகைகளுக்கு நோக்கம் இருந்தது, பெயர்ச்சீட்டு இருந்தது, நோக்கமோ தூயது. நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. பெற்றோர்க்குச் சேரவேண்டியதை 'கொர்பான்' என்று சொல்லித் தடுத்துக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்ட பகுதியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! நம் பீரோவின் மேல்தட்டில் அச்சொல் நம் கையெழுத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது.

செய்து முடித்துவிட்டால் மட்டும் பொருள் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. கலிஃபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்பவர் தம் வீட்டின் கீழறையில் மலையும் பாலமும் ஊர்களுமாகச் சிறு இரயில் உலகமொன்றைப் பல ஆண்டுகள் உருவாக்கினார். இக்கலையினரிடையே பெரும்புகழ் பெற்றது அது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களுக்குள் தீ விபத்தில் அதன் பெரும்பகுதி அழிந்தது. தீயும் கறையானும் செய்தது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. அவர் கீழறையில் நண்பர்கள் கூடி அந்த இரயில்களை ஓட்டினார்கள். நம் பலகையில் யாருடைய கையும் பட்டதில்லை.

புதிய பங்குக்கு வந்தபின் 43இல் 20 பெட்டிகளை ஒரு விடுதியின் மாணவர்களுக்குக் கொடுத்தோம். பொருத்தும் தாள் இல்லாதவற்றையும் தயக்கத்தோடு சேர்த்தே கொடுத்தோம். அவர்கள் தாளைத் தேடியதாகவே தெரியவில்லை. கப்பலின் புகைபோக்கியை வானூர்தியின் முதுகில் ஒட்டியிருந்தார்கள். மீதி 23 பெட்டிகள் நம்மோடு இருக்கின்றன. தோணிக்கு மரம் இன்னும் வாங்கவில்லை.

சென்ற வாரம் இங்குள்ள கோவில்பிள்ளை, அறிவிப்புப் பலகையில் துணி அடிக்கச் சிற்றாணி வேண்டுமென்று வந்தார். அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். அன்றிரவு செபம் முடித்துப் படுக்கப்போகுமுன், மீதி ஆணிகளை எண்ணிப் பார்த்தோம். 62 இருந்தன.