அச்சத்துக்குப் பங்கில்லை

வள்ளலார் வகுத்த அன்றாட ஒழுங்கில் ஒரு கணக்கு உண்டு. உணவு, உறக்கம், உடலுறவு மூன்றுக்கும் அரை, அரைக்கால், வீசம் என்று இறங்கிக்கொண்டே போகும் அளவுகள். நான்காவதாக அச்சம், அதற்கு எதுவுமே கிடையாது. முதல் மூன்றைப் போன்ற அளவுகளை எந்த வைத்தியரும் சொல்லக்கூடும். உடல்நலக் கணக்கில் அச்சத்துக்கு என்ன வேலை?

குறிஞ்சிப்பாடியில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு அந்த நான்காவதுதான் தினமும் கண்ணில் படுகிறது. சோற்றைக் குறைத்தவர்கள், விடியலில் நடப்பவர்கள், மாத்திரை தவறாதவர்கள் கடைக்கு வருகிறார்கள். ஆனால் சுகர் மெஷினுக்கு ஸ்ட்ரிப் கேட்கும்போதே பலருக்குக் குரல் கம்மிவிடுகிறது. இரவில் தூக்கம் கலைந்தால் எழுந்து விரலைக் குத்திப் பார்க்கிறார்களாம். உணவில் அளவு வந்துவிட்டது. பயம் அளவில்லாமல் வளர்ந்திருக்கிறது.

இந்த அச்சத்துக்கு வள்ளலாரின் விடை அவர் வகுத்த நான்கு ஒழுக்கங்களில் இருப்பதாக நினைக்கிறேன். இந்திரியம், கரணம், சீவன், ஆன்மா என்பது வரிசை. முதல் இரண்டும் புலனையும் மனத்தையும் நெறிப்படுத்துபவை. பெரும்பாலும் நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம். சீவ ஒழுக்கமோ, சாதி சமய பேதம் பாராமல் எல்லாரையும் நம்மவராகக் கொள்ளச் சொல்கிறது. கரிசலாங்கண்ணியின் நன்மையை எடுத்துச் சொன்ன அதே மனிதர்தான் 1867இல் வடலூரில், பசித்தவர்களுக்குச் சோறிடும் தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தன் உடலைப் பேணுவதும் பிறர் பசியைத் தீர்ப்பதும் அவருக்கு ஒரே நெறியின் இரு பகுதிகள்.

மாமா இறந்தபின், சர்க்கரை நோயுள்ள என் அத்தை படபடப்பும் தூக்கமின்மையுமாக இருந்தார். பிறகு தருமச்சாலைக்குக் காய் நறுக்கப் போகத் தொடங்கினார். சர்க்கரை போய்விடவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் இப்போது நன்றாகத் தூங்குகிறார். பேச்சில் தன் நோயைவிட, அன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

தன்னையே சுற்றிச் சுற்றி வரும் கவனத்தில்தான் அச்சம் செழிக்கிறது. அதனால் மருந்து வாங்க வருபவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: மாத்திரையை விடாதீர்கள், நடையை விடாதீர்கள், கூடவே, பசித்த ஒருவருக்கு உங்கள் கையால் சோறு போடுங்கள். நலவாழ்வில் அதுவும் சேர்ந்ததுதான்.