விற்கும் விலையும் உட்காரும் சுகமும்

ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்கு ஒரு சின்ன மோட்டார் போட் வாங்கலாம் என்று பேச்செடுத்ததும் நண்பர் கேட்டது: “விக்கேக்க என்ன விலைக்குப் போகும்?” இன்னும் வாங்கவே இல்லை! ஆனாலும் எனக்கு வியப்பில்லை. வீடும் காரும் வாங்கும்போதும் நாங்கள் இதைத்தான் கேட்டோம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு எதை வாங்கினாலும் விற்கும் நாள் கண்ணில் தெரியும்.

நல்ல விலைக்குப் போகும் என்று அவர் சொன்னது பதின்மூன்று அடி பொஸ்டன் வேலர். 1958இல் அறிமுகமான போட். இரண்டு பைபர் ஓடுகளுக்கு நடுவே நுரை அடைத்திருப்பதால் மூழ்காது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஃபிஷர், தண்ணீரில் வைத்தே அதை இரண்டாக அறுத்து, பின்பாதியை ஓட்டிக்கொண்டு போன படங்கள் 1961இல் லைஃப் இதழில் வந்தன. அந்தப் பெயருக்கு இன்றைக்கும் விலை உண்டு. ஆனால் சிம்கோவில் காற்று எழும்பினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். வேலரின் அடிப்பகுதி ஒவ்வொரு அலையிலும் அறையும். உள்ளே இருப்பது பலகை இருக்கை. நாரி தாங்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் ஏறக்கூடியது பொன்டூன்தான். 1952இல் மினசோட்டா விவசாயி அம்ப்ரோஸ் வீரஸ் இரும்புப் பீப்பாய்களின் மேல் மரத்தளம் போட்டு ஆரம்பித்த சங்கதி, இப்போது அலுமினியக் குழாய்கள், மெத்தை இருக்கை, கூடாரம், வாசற்கதவு என்று மிதக்கும் விறாந்தையாகிவிட்டது. பெரிய அலைக்கு ஆகாது என்பது உண்மை. ஏரியின் தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் குக்ஸ் பேக்குள் காற்றில்லாத நாளில் ஓட அது போதும். அம்மாவை வைத்துக்கொண்டு நடு ஏரிக்கு யார் போகப் போகிறார்கள்?

விலை விசாரித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நகையைப் போலத்தான் இதுவும்: விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் காசு, கல்லுக்கும் செய்கூலிக்கும் இல்லை. போட்டில் தங்கம் என்பது உடலும் இயந்திரமும். மெத்தை வெயிலில் வெடிக்கும், கம்பளம் ஊறும், கூடாரத் துணி நைந்துபோகும். சுகம் தரும் பாகங்கள்தான் முதலில் பழசாகின்றன. புதிதாக வாங்கியவர் அந்த நட்டத்தைச் சுமக்கிறார். அப்படியானால் இரண்டாம் கையாக வாங்குகிறவனுக்குச் சுகம் மலிவுதானே!

நண்பரின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ஏரி உறையும் நாடு இது. இலையுதிர் காலத்தில் போட்டைக் கரையேற்றி, இயந்திரத்தைக் குளிருக்குத் தயார்செய்து, மூடிக் கட்டி, வாடகை இடத்தில் வைக்க வேண்டும். வருடா வருடம் போகும் இந்தக் காசை எந்த மறுவிற்பனையும் திருப்பித் தராது. ஓடும் நாட்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நாளும் பலகையில் இருந்து நாரியைப் பிடித்துக்கொள்வதா, முகம் தெரியாத யாரோ நாளைக்கு நல்ல விலை தருவார் என்று?

ஆகவே பழைய பொன்டூன் ஒன்று தேடுகிறேன். இயந்திரம் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது, குழாயின் ஒட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா, இரண்டையும் விடாமல் பார்ப்பேன். இருக்கை உறை கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. அதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.