நான் போட்டதை நானே எடுத்தால்

டெர்மினலில் 'என்பிஎம் அன்இன்ஸ்டால் -ஜி' என்று அடித்து, பொதியின் பெயரையும் சேர்த்தால் அவ்ளோதான். கணினி முழுவதற்கும் நிறுவியிருந்தது போய்விடும். "நிச்சயமாகவா?" என்றுகூட கேட்காது. ஆப்ட் என்றால், கூடவே எதெல்லாம் போகும் என்று பட்டியல் போட்டுக் காட்டும்.

சொந்த மடிக்கணினி என்றால் பிரச்சினையில்லை. பத்து பேர் பகிரும் சர்வரில்? குளோபலாகப் போட்டதை யார் பயன்படுத்துகிறார் என்ற குறிப்பு எங்கேயும் இருக்காது. யாரோ ஒருத்தரின் நள்ளிரவு ஸ்கிரிப்ட் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். "நான்தானே போட்டேன்" என்ற வாதம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது.

2016 மார்ச்சில் அஸெர் கோச்சுலு, ஒரு பெயர்த் தகராறில், தன் பொதிகளை என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்தார். அவற்றில் லெஃப்ட்-பேட் வெறும் 11 வரி. அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களின் பில்ட் உடைந்தது. அவர் கோபம் நியாயம்தான், ஆனால் விலை கொடுத்தவர்களுக்கும் அந்தத் தகராறுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு விதி இறுகியது: பிறர் சார்ந்திருக்கும் பொதியை எழுதியவரே நினைத்தாலும் சட்டென்று எடுக்க முடியாது.

நம் சர்வரில் அப்படி விதி ஏது? சூடோ உள்ளவர் குழுவில் சொல்லிவிட்டு ஒரு வாரம் பொறுக்கலாம். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம், எந்தப் பதிப்பு இருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு.